கைக்குக் கட்டம் இல்லை

நவம்பர் 21, வெள்ளி

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதி மூடி வையுங்கள், பிரஷர் தானாக இறங்கும் என்றார். எழுதுவது எனக்குப் புதிதல்ல. நெடுங்கரைக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்துக்கு முப்பது வருடமாக நான்தான் எழுத்தர். ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மனுவைப் பார்த்த மாத்திரத்தில் "தேசிங்கு எழுத்தா?" என்று தாலுகா ஆபீசில் கேட்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விடியற்காலை சரோசா என்னை உலுக்கி எழுப்பினாள். "இன்னாய்யா, ஸ்டவ்வத் தொறந்து வுட்டுட்டியா? ஊடே நாறுது." ஸ்டவ் மூடித்தான் இருந்தது. கதவைத் திறந்தேன். நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. மூன்று நாள் மழை வெள்ளம் தெருவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய இடமெல்லாம் சுவரில் முட்டி உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தொட்டால் தார் மாதிரி ஒட்டுகிறது.

ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆறு எங்கே இருக்கிறது? கரையிலிருந்து கரை வரை கறுப்பு. கடலில் போய் விழுகிற முகத்துவாரம் வரை அதே கண்றாவி. ஊரை ஒட்டிய மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியின் எண்ணெய் வெள்ளத்தோடு வந்துவிட்டதாம். "சிறு கசிவு" என்று டிவியில் சொல்கிறார்கள். சிறு கசிவாம். த்தூ!

பிரஷர் இறங்கவில்லை.

நவம்பர் 22, சனி

ஊர் முழுக்கப் படகு கழுவுகிறது. மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் வாங்கி ஆளாளுக்குத் தேய்க்கிறார்கள். மீனவனுக்குப் படகு அழுக்காக இருந்தால் சோறு இறங்காது. கன்னத்தில் எண்ணெய், காதில் எண்ணெய், ஆனால் படகு பளபள. என் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வருடமாக மூன்று தெரு தள்ளி ஷெட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. எஞ்சினை விற்றாயிற்று. விலாவில் "நாகமுத்து - தேசிங்கு" என்று என் அண்ணன் பெயரும் என் பெயரும் இன்னும் இருக்கின்றன. அண்ணன் தவறிப்போய் எட்டு வருடம். பதிவை அப்போதே என் பெயருக்கு மாற்றிவிட்டேன், நிர்வாக வசதிக்காக. பெயிண்ட் அடிக்கத்தான் நேரமில்லை.

அண்ணன் சம்சாரம் கன்னியம்மா ஆற்றோரம் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றை இரண்டு கையாலும் துழாவித் துழாவி எடுப்பாள். இடுப்பில் கயிறு, கயிற்று நுனியில் நீல நிறப் பெயிண்ட் பக்கெட். அவள் நகர நகர அது பின்னாலேயே மிதந்து வரும். அண்ணன் போனதிலிருந்து அதுதான் அவளுக்குச் சோறு.

"இன்னா அண்ணி?"

"எறங்கிப் பாத்தேன் தம்பி. ஒண்ணியும் இல்ல. செத்த நண்டுதான் கைல மாட்டுது."

முழங்கை வரை கறுப்பாக இருந்தாள். எதற்கு இறங்கினாய் என்று கத்தினேன். பின்னே என்ன செய்யட்டும் என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

ஒரு கூழைக்கடா கரையில் உட்கார்ந்து இறக்கையை விரிக்கப் பார்த்தது. விரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஏழு கார். மூக்குக்கு மாஸ்க், காலுக்கு ரப்பர் பூட்ஸ், பூட்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் உறை. எங்களுக்கு ஒரு பிரெட் பாக்கெட், ஒரு பால் பவுடர். வந்தவர் ஒருவர் குனிந்து எண்ணெயை ஒரு விரலால் தொட்டார். நாலு பேர் படம் எடுத்தார்கள். சரியாக வரவில்லை என்று மறுபடியும் தொடச் சொன்னார்கள். மறுபடியும் தொட்டார். பிறகு அந்த ஒரு விரலைக் கழுவ மினரல் வாட்டர் ஒரு பாட்டில்! நான் எண்ணிக்கொண்டு நின்றேன், முழு பாட்டில்.

பிரெட்டைப் பிரித்தால் மேல் துண்டில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். என் விரல்தான். சாப்பிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

கம்பெனி ஒரு காண்டிராக்டரை அனுப்பியிருக்கிறது, எண்ணெயை அள்ள. மிஷின் வருகிறது என்றார்கள். என்ன வந்தது தெரியுமா? குளியலறை மக்கு. நூறு மக்கு, ஐம்பது டிரம். ஊர்க்காரர்களையே தினக்கூலிக்குப் பிடித்து, படகில் போய் மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றச் சொல்லிவிட்டார்கள். இத்தனை பெரிய நாட்டில், கப்பல் கப்பலாக எண்ணெய் வாங்குகிறவனுக்கு அதை அள்ள ஒரு மக்குதான் கிடைத்ததா?

கையுறை முதல் நாள் பத்து ஜோடி வந்ததாம். சூப்பர்வைசர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணியும் போகிறாள். அலையாத்திச் செடிகளின் வேர் இடுக்கில் தேங்கி நிற்பதை ஆண்களால் அள்ள முடியவில்லை. அந்தச் சேறு இறால் பிடிக்கிற பெண்களுக்குத்தான் அத்துப்படி. சாயங்காலம் பார்த்தேன். கை இரண்டிலும் கொப்புளம்.

"மருந்து போடு அண்ணி."

"போட்டேன். தேங்கா எண்ணெய்." சிரித்தாள். "எண்ணெய்க்கு எண்ணெய்."

நவம்பர் 27, வியாழன்

நிவாரணம் அறிவித்துவிட்டார்கள். இரண்டு வகை. ஊர்ப் பஞ்சாயத்து தருகிற பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு தொகை. எண்ணெய் படிந்த படகுகளுக்குத் தனியாக ஒரு பெரிய தொகை, ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போன பிறகு.

பட்டியல் எழுதக் கோயில் முன்னால் கூட்டம். எங்கள் ஊரில் வரி கொடுக்கிற வீடுதான் வீடு. கல்யாணமான ஆம்பிளைக்கு ஒரு வரி. கோயில் செலவு, திருவிழா எல்லாம் அதில்தான் நடக்கும். எது வந்தாலும் வரிப்படிதான் பங்கு. கூட்டத்தில் ஆம்பிளைகள் உட்காருவோம். பெண்கள் கோயில் மதிலோரம் நிற்பார்கள்.

நான் பட்டியலை வாசித்து முடித்ததும் மதிலோரத்திலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "என் பேரு வரலியே."

சலசலப்பு. ஊர்த் தலைவர் பாளையம் தொண்டையைக் கனைத்தார். "கன்னியம்மா, உன் ஊட்டு வரி நின்னு எட்டு வருசம் ஆச்சேம்மா."

"வரி வாணான்னு நானா சொன்னேன்? நீங்கதான வாங்க மாட்டேன்னீங்க. ஆத்துல எறங்கறது நான். ஆத்துலதான ஆயிலு?"

பாளையம் என் பக்கம் திரும்பினார். "எழுத்தரே, கட்டுப்பாடு இன்னா சொல்லுது? படி."

ஊர் நோட்டை எடுத்துப் படித்தேன். 'குடும்பத் தலைவன் காலமாகி, பதினெட்டு வயது நிறைந்த ஆண் வாரிசு இல்லாத வீட்டின் வரி நிறுத்தப்படும். வரி நிறுத்தப்பட்ட வீட்டுக்கு ஊர்ப் பங்கு கிடையாது.' அதற்குக் கீழே நிறுத்தப்பட்ட வீடுகள். நான்காவது பெயர், நாகமுத்து வீடு. என் கையெழுத்துதான். அந்த வருடம் புதுப் பேனா, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

"ஒரு தடவ மாத்திப் போடலாமே, எழுத்தரு இன்னா சொல்றாரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நோட்டில் இருப்பதைப் படிப்பதுதான் எழுத்தர் வேலை. படித்தேன். மூடினேன். ஒருத்திக்கு மாற்றினால் பதினோரு விதவைக்கும் மாற்ற வேண்டும், அப்புறம் ஊர் ஊராக இருக்காது. சொந்தக்காரிக்குச் செய்தான் என்று என் மேல் பழி வேறு வரும். நான் செய்தது சரிதான்.

நவம்பர் 28, வெள்ளி

சரோசா பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 29, சனி

இந்த ஊரை நினைத்தால் வாந்தி வருகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படகைப் படம் எடுக்க ஆட்கள் புதன்கிழமை வருகிறார்களாம். எண்ணெய் தெரிய வேண்டுமாம். படகின் மேல் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பாதிப்பு. தெரியாவிட்டால் பாதிப்பே இல்லை. ஊரில் எவன் படகில் எண்ணெய் இருக்கிறது? விழுந்து விழுந்து கழுவிப் புதுப் பெண் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சோம்பேறி ஏகாம்பரம் ஒருத்தன்தான் கழுவவில்லை. அவன் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான்.

ஆக, மறுபடியும் பூச வேண்டும். சரி, எண்ணெய் எங்கே? டிரம் டிரம்மாகக் காண்டிராக்டர் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருப்பது அலையாத்தி வேர் இடுக்கில், பெண்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில். நேற்று வரை சீ, கருமம் என்று காறித் துப்பினவன் எல்லாம் இன்றைக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டு வாசலில் நிற்கிறான். "அக்கா, ஒரு சொம்பு ஆயிலு கெடைக்குமா?" ஒருத்தன் பிரெட் பாக்கெட் கொடுக்கிறான். ஒருத்தன் ரேஷன் அரிசி. பாளையம் தன் இரண்டு படகுக்கும் ஆள் அனுப்பி வாங்கிவிட்டார். தலைவராம், கட்டுப்பாடாம்! பெயிண்ட் பிரஷ் வைத்து, ஏதோ கோயில் தேருக்கு வர்ணம் பூசுகிற மாதிரி நுணுக்கமாகப் பூசுகிறார்கள். "இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்குது பாரு" என்று ஒருத்தனுக்கு ஒருத்தன் யோசனை வேறு.

மானம் கெட்ட ஜனம். இப்படியா பிழைக்க வேண்டும்?

டிசம்பர் 1, திங்கள்

நேற்று முழுக்க யோசித்தேன். படகு என்னுடையது, பதிவு என் பெயரில் இருக்கிறது. ஊருக்கே நிவாரணம் வந்து, பஞ்சாயத்து எழுத்தர் படகுக்கு வரவில்லை என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எழுத்தருக்கே விவரம் போதவில்லை என்பான். இது பணத்துக்காக இல்லை.

அண்ணி வாசலில் உட்கார்ந்து கைக் கொப்புளங்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் ஆயில் வேணும்."

நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"போட்டுக்கு."

"உன் போட்டு தண்ணியப் பாத்து ரெண்டு வருசம் ஆவுதே தம்பி."

"வெள்ளம் ஷெட்டு வரைக்கும் வந்துச்சில்ல."

"வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதான் வெச்சிக்கோயேன்."

பட்டியல் பேச்சை எடுப்பாள் என்று பயந்தேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் எடுக்கவில்லை.

"சொம்புலாம் பத்தாது, பெரிய போட்டு அது" என்றாள். "பக்கெட்டோட கொண்ணாறேன். காசு, அரிசி ஒண்ணியும் வாணாம். பக்கெட்ட மட்டும் திருப்பிக் குடுத்துடு. எனக்கு அது ஒண்ணுதான்."

மத்தியானம் கொண்டு வந்து ஷெட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். விளிம்பு வரை இருந்தது. அந்தக் கையோடு அவ்வளவு தூரம் எப்படித் தூக்கி வந்தாளோ. உள்ளே வந்து படகைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

படகு வேலை முடிந்தது. அண்ணன் பெயர் இருந்த பக்கம் கைக்கு வசதியாக இருந்ததால் அங்கிருந்து ஆரம்பித்தேன். கை கழுவினேன்.

டிசம்பர் 3, புதன்

அசிங்கம், அசிங்கம், அசிங்கம்.

நிவாரணக் குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்தான், கையில் பெரிய செல்போன். வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தான். ஷெட்டுக்கு வரும் முன்னால் நாலு பேரைக் கூப்பிட்டுப் படகை நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

அவன் செல்போனைத் தூக்கினான், இறக்கினான். கிட்டே வந்து படகின் விலாவில் விரலை வைத்து அடியிலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு போட்டான்.

"என்ன சார், ஆயில் கீழேயிருந்து மேல ஓடியிருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு கவிழ்ந்து கிடந்தபடியே ஊற்றிப் பூசியிருக்கிறேன். வழிந்ததெல்லாம் விளிம்பைப் பார்த்து வழிந்து அங்கே சொட்டு சொட்டாக உறைந்திருக்கிறது. நிமிர்த்தினால் எண்ணெய் வானத்தைப் பார்த்து ஏறியிருக்கிறது. ஊரில் அத்தனை திருட்டு முழிகளும் ஒழுங்காகப் பூசியிருக்க, படித்தவன் நான் ஒருத்தன் தலைகீழாகப் பூசியிருக்கிறேன்.

"வெள்ளத்துல கவுந்துடுச்சு" என்றேன்.

அவன் சிரித்தான். திட்டியிருக்கலாம், போய்யா என்று சொல்லியிருக்கலாம். கண்ணடித்தான்! என் மகன் வயசு இருக்கும் அவனுக்கு. "பரவால்ல சார், நில்லுங்க" என்று படம் எடுத்து, 'பாதிப்பு உண்டு' என்று அழுத்திவிட்டான்.

பின்னாலேயே அண்ணி வந்து நின்றாள். கைத் துணியை அவிழ்த்து இரண்டு உள்ளங்கையையும் அவன் முன்னால் நீட்டினாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, ரேகை எல்லாம் கறுப்பாக.

"இதுலயும் ஆயில் இருக்குது சார். இத்தயும் ஒண்ணு எடுத்துக்கோ."

அவன் சிரிப்பு போய்விட்டது. செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "படகு, வலை, எஞ்சின். இவ்ளோதாம்மா இருக்கு. கைக்குக் கட்டம் இல்லம்மா."

"கை இல்லாம எப்பிடி சார் இறால் புடிக்கிறது?"

அவன் அடுத்த படகுக்குப் போய்விட்டான். நான் ஷெட்டைப் பூட்டினேன். பூட்டு சரியாக விழவில்லை, ரொம்ப நேரம் அதையே திருகிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6, சனி

பக்கெட்டைக் கழுவினேன். போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மண்ணெண்ணெய், சோப்புத்தூள், சாம்பல், மணல். எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிட்டது போலிருக்கிறது, உள்பக்கம் நீலமே தெரியவில்லை. இரண்டு நாளில் கொடுத்துவிடுகிறேன் என்று சரோசாவிடம் சொல்லி அனுப்பினேன். அவள் போனாளா என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

நிவாரணத் தொகை வந்துவிட்டது என்று செல்போனில் மெசேஜ். குடும்பத்துக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. சரோசாவிடம் காட்டினேன். "நல்லதாப் போச்சு, எடுத்துப் பூசிக்கோ" என்றாள். பதினைந்து நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

அண்ணி வந்தாள். பக்கெட்டுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து ஆரம்பித்தேன், இன்னும் ஒரு தடவை கழுவினால் சரியாகிவிடும் என்று.

"அது இருக்கட்டும். மனு எழுதணும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. இதைத்தானே எதிர்பார்த்தேன். ஊர் நோட்டில் முடியாது, ஆனால் மனு என்றால் உருக்கமாக எழுதலாம். ஆதரவற்ற விதவை, ஏழை, கருணை கூர்ந்து. நல்ல வெள்ளைத்தாளாக எடுத்து 'பெறுநர்' போட்டேன்.

"ஏழைன்னுலாம் எழுதாத" என்றாள். "நான் சொல்றத எழுது. ஆயில் பூசி நிவாரணம் வாங்கினவங்க பேரு."

பேனா நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் ஆயில் குடுத்தது நான்தான? எவன் எத்தினி சொம்பு வாங்கினான், எனக்குத்தான தெரியும். அப்ப ஊட்ல அடுப்பு எரியல, அரிசி குடுத்தானுங்க, ஆயில் குடுத்தேன். அத்தயும் எழுது, எனக்கு இன்னா பயம்? நான் அள்ளின ஆயிலுக்குப் பணம் வந்துச்சு. அள்ளின கைக்கு வரல. அது இன்னா நாயம்னு கேட்டு எழுது."

"அண்ணி, ஊரே உன்ன ஒதுக்கி வெச்சிடும்."

"இப்ப இன்னா நடு ஊட்ல உக்கார வெச்சிருக்குதா?"

சரோசா சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். போகவில்லை. அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன். பாளையம், இரண்டு படகு, நாலு சொம்பு. பிறகு ஒவ்வொருத்தனாக. பதினாறு பேர். அவள் நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேனாவை மூடப் போனேன்.

"பதினேழு" என்றாள்.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பக்கெட்டு. எழுது தம்பி. போட்டு பேரு முழுசா எழுது. உன் பேரு மட்டும் இல்ல."

'நாகமுத்து - தேசிங்கு' என்று எழுதினேன். என் எழுத்தே இல்லை அது, கோழி கிளறின மாதிரி வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். விரல் மடங்காததால் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நானே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 15, திங்கள்

மழை வரும்போல இருந்தது. போகவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

முதுகு வலி.

டிசம்பர் 17, புதன்

இன்றைக்கு ஆபீஸ் லீவாக இருந்தாலும் இருக்கும்.

டிசம்பர் 18, வியாழன்

வழியில் அண்ணி எதிரே வந்தாள். கொடுத்தாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு மனுவில் பதினேழு குடும்பம் நாசமாகும். பிள்ளைகுட்டிக்காரர்கள். அதை யோசிக்க வேண்டியவன் நான்தானே. அவளுக்கென்ன, ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். புதுப் பக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் தேவலை.

டிசம்பர் 19, வெள்ளி

சட்டைப் பையில் மனு இல்லை.

பீரோ, பாயடி, ஊர் நோட்டு எல்லாம் தேடிவிட்டேன். மத்தியானம் சரோசா வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். புதுப்புடவை கட்டியிருந்தாள்.

"மனு எங்கடி?"

"சட்டைய தோய்க்கப் போடறப்ப இருந்துச்சு. ஆபீசுக்குப் பூட்ச்சு."

"யாரு கொண்டும்போனது?"

"நானும் கன்னியம்மா அக்காவும். பெரிய ஆபீசரு கைலயே குடுத்தோம்." சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். "தாளப் பாத்த ஒடனே அங்க ஒருத்தர் கேட்டாரு, தேசிங்கு எழுத்தான்னு. ஆமாங்கன்னேன்."

பிரஷர் மாத்திரை இரண்டு போட்டேன்.

டிசம்பர் 20, சனி

ஆபீசில் யாரோ பாளையத்திடம் மனுவைக் காட்டியிருக்கிறார்கள், வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். தெருவே கூடிவிட்டது. "எழுத்தப் பாத்தா தெரியாதாய்யா? ஊரக் காட்டிக் குடுத்துட்டியே! சரி, எங்க பேர எழுதின. உன் பேரயும் எதுக்குய்யா எழுதின? பைத்தியமாய்யா நீ?"

நான் எழுதவில்லை, எழுத வைத்தார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "தன் பேரயே எழுதிட்டான் பாரு, ஆம்பள" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

பெரிய அதிகாரியே நேரில் வந்தார். கூட அந்தக் கண்ணாடித் தம்பி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. என் ஷெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மேல் நோக்கி வழிந்த எண்ணெயைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். படகுப் பணத்தைப் பதினேழு பேரும் திருப்பிக் கட்ட வேண்டும், நோட்டீஸ் வரும் என்றார்.

பிறகு அண்ணியைக் கூப்பிட்டார். கூடவே மற்ற இறால் பெண்களும் வந்தார்கள், ஒன்பது பேர். மதிலோரம் நிற்கப் போனவர்களை நடுவில் வந்து உட்காரச் சொன்னார். கையால் பிடிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் மேலிடத்துக்கு அனுப்புகிறேன், கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அனுப்புவேன் என்றார். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும் என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

எழுதினேன். பெயர்: கன்னியம்மா. தொழில்: கையால் இறால் பிடித்தல். சேதம் என்று இருந்த இடத்தில் என்ன போடுவதென்று நிமிர்ந்தேன். அண்ணி இரண்டு கையையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். கண்ணாடித் தம்பி கிட்டே வந்து படம் எடுத்தான். 'இரு கைகள்' என்று எழுதினேன்.

அதிகாரி விண்ணப்பத்தை வாங்கி என் மனுவோடு ஒத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே எழுத்து. இந்த மனுவை எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"உங்க பேரையும் நீங்களே எழுதியிருக்கீங்க."

அண்ணி பக்கத்தில் இருந்தாள். சரோசா எதிரே நின்றாள். ஊரே நின்றது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது எனக்குத் தெரியும். மனு நாலு நாள் என் பையில் கிடந்தது என்பது மட்டும்தான்.

"ஆமாங்க" என்றேன்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நேர்மையான மனுஷரை நான் பார்த்ததில்ல" என்று அவர் எழுந்து கையை நீட்டினார். நானும் நீட்டினேன். வெட்கமில்லாமல் நீட்டினேன்.

"சார், அவரு கையக் குலுக்காதீங்க" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "ஆயிலு ஒட்டிக்கும்."

அதிகாரி விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். கையைக் குலுக்கியும்விட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி பின்கட்டுக்கு வந்து பக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். இன்னும் போகவில்லை அண்ணி, புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். உள்ளே ஒரு தடவை பார்த்தாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள், அது உறுதியாகத்தான் இருந்தது. "பரவால்ல, மெதக்கும்" என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் போனாள்.

நான் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.